ஸ்போர்ட்ஸ் கார் பிரேக் பேட்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பிரேக் பற்றி மட்டும் கேளுங்கள். எக்ஸாஸ்ட், ரீமேப், டயர் எல்லாம் வேறு ஆளிடம். கேட்கும்போது வண்டி என்ன, எங்கே ஓட்டுகிறீர்கள், பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதை யாரும் எழுதப்போவதில்லை, அது வேறு விஷயம்.

அண்ணா நகர், ஆக்டேவியா ஆர்எஸ்: அண்ணா, இருங்காட்டுக்கோட்டையில் டிராக் டே (ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டும் நாள்) போகப்போகிறேன். ஆபீசுக்கும் இதே வண்டிதான். ரேஸ் பேட் போட்டால் இரண்டுக்கும் ஆகுமா?

ஆகாது தம்பி. இதை முதலிலேயே முழுசாகச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேருக்கு இதுவே பதில்.

பேட் வாங்கும்போது நீங்கள் உண்மையில் வாங்குவது ஒரு வெப்ப எல்லையை. கம்பெனி பேட் ஆறிய நிலையிலேயே கடிக்கும், மழையில் கடிக்கும், காலையில் அபார்ட்மெண்ட் கேட்டைத் தாண்டும் முதல் மிதியிலேயே கடிக்கும். ஆனால் டிராக்கில் நாலு ரவுண்டு அழுத்தி ஓட்டினால் அதன் எல்லை தாண்டிவிடும். ரேஸ் பேட் அப்படியே தலைகீழ். நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். திருமங்கலம் சிக்னலில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியில் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? குறுக்கே ஒரு ஷேர் ஆட்டோ திரும்பும் நேரத்தில் பெடலை மிதித்தால், பேட் "இருங்க, இன்னும் சூடாகல" என்று சொல்லும். போதாக்குறைக்கு டிஸ்கையும் அரைத்துத் தள்ளும்.

உங்களுக்குத் தேவை இரண்டுக்கும் நடுவில் இருப்பது. ஃபெரோடோ டிஎஸ்2500, ஈபிசி யெல்லோஸ்டஃப் மாதிரி. ஆறிய நிலையிலும் ஓரளவு பிடிக்கும், டிராக் சூட்டையும் தாங்கும். கொஞ்சம் சத்தமும் தூசியும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பேடுக்கு முன் ஆயில். டிராக்கில் பிரேக் போனது என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, பெடல் எப்படி இருந்தது? பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் பிடி விட்டுவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி கீழே போனால் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. இரண்டாவதற்கு எத்தனை விலையில் பேட் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவுகோல் 155தான். டாட் 5.1 என்றால் 260, 180. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், டிராக் போகிற வாரம் எப்படியும் மாற்றுங்கள். பெயர் நெருக்கமாக இருக்கிறதே என்று டாட் 5 மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அது சிலிகான், மற்றதோடு கலக்கக் கூடாது.

வேளச்சேரி, மினி கூப்பர் எஸ்: பேட் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று அச்சிட்டிருக்கிறதே, ஜி போட்டதைத்தான் வாங்க வேண்டுமா?

முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு. எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. ஜிஎஃப் என்று இருந்தால் சூடேறும்போது பிடி குறைகிறது என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் இது ஆய்வகத்தில் ஒரு சின்னத் துண்டை வைத்து அளந்தது. எந்தச் சூடு வரை தாங்கும், டிஸ்கை எவ்வளவு தின்னும் என்பதெல்லாம் அந்த எழுத்தில் இல்லை. கடைக்காரர் ஜியைக் காட்டி விலை ஏற்றினால் சிரித்துவிட்டு எஃப்எஃப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

போரூர், போலோ ஜிடிஐ: அலாய் வீல் கறுத்துப்போகிறது. செராமிக் பேட் போடலாமா?

டிராக் போகவில்லை என்றால் தாராளமாக. தூசி குறையும், முதல் கடி கொஞ்சம் மென்மையாக இருக்கும். ஆயில் எப்போது மாற்றினீர்கள்?

நுங்கம்பாக்கம், பிஎம்டபிள்யூ எம்340ஐ: பின் பேட் நானே மாற்ற நினைக்கிறேன். முன் வீலில் செய்து பழக்கம் உண்டு.

முன்னால் செய்த பழக்கத்தைப் பின்னால் கொண்டுபோகாதீர்கள். பின் காலிப்பரில், அதாவது பேடை டிஸ்கில் அழுத்தும் பிடியில், எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கின் மோட்டார் இருக்கிறது. ஸ்கேனரில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் சி-கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை (பேடைத் தள்ளும் உருளையை) அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்க்ரூ போய்விடும், அப்புறம் காலிப்பரே வாங்க வேண்டும். தேய்மான சென்சார் முன் இடது, பின் வலது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது என்றால் சென்சாரும் தேய்ந்து அறுந்திருக்கும், புதுசு வாங்கிப் போடுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் டப்பாவை ஒரு கண் பாருங்கள். யாராவது இடையில் டாப்-அப் செய்திருந்தால் வழியும், பெயிண்டில் பட்டால் பெயிண்ட் காலி. காலிப்பரைக் கழற்றி ஹோஸிலேயே தொங்க விடாதீர்கள், ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை ஓர் அங்குலம் நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிஸ்டன் பின்னால் போயிருக்கும், முதல் மிதி வெறும் மிதி. பார்க்கிங்கில் எதிர்ச் சுவரைச் சந்தித்த வண்டிகள் நிறைய.

திருவான்மியூர், 718 கேமன்: பேட் புதுசு. மெதுவாக நிறுத்தும்போது கீச்சென்று கத்துகிறது.

கத்துவது ஆபத்து இல்லை, பேடும் டிஸ்கும் சேர்ந்து அதிர்கிறது. பேடின் பின்னால் இருக்கும் மெல்லிய தகடான பழைய ஷிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா, கிளிப் புதுசு போட்டார்களா, பேடின் காது (இரு முனை) உட்காரும் இடத்தில் துருவைச் சுரண்டினார்களா என்று பாருங்கள். கடலுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் வண்டியை நிறுத்திவைத்தால் டிஸ்கில் துரு படரும், அதனாலும் முதல் சில மிதிகளுக்குக் கரகரக்கும். அப்புறம், பேடைப் பழக்கினீர்களா? அதிகாலையில் அவுட்டர் ரிங் ரோடு மாதிரி இடத்தில், பின்னால் யாரும் இல்லாதபோது, 60-லிருந்து 15 வரை மிதமாக ஒரு எட்டுப் பத்து தடவை இறக்குங்கள், முழுசாக நிறுத்தாமல். பிறகு பத்து நிமிடம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க் மேல் பேடின் மெல்லிய படலம் சமமாகப் படிய வேண்டும், அவ்வளவுதான்.

மொகப்பேர், மஸ்டாங் ஜிடி: 100-ல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, லேத்தில் கொடுத்து எடுத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

டிஸ்க் வளைவது மிக அரிது. சூடான டிஸ்கோடு சிக்னலில் பெடலை அழுத்திக்கொண்டே நின்றிருப்பீர்கள், பேட் இருந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படிந்திருக்கும். அந்தத் திட்டு ஏறி இறங்குவதைத்தான் கை உணர்கிறது. முதலில் ஒருமுறை நன்றாகப் பழக்கிப் பாருங்கள். சரியாகாவிட்டால் லேத் அல்ல, டிஸ்கின் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ்.

அம்பத்தூர் எஸ்டேட், லேத் பட்டறை: தம்பி, நாங்கள் எத்தனையோ டிஸ்கைச் சீவிக் கொடுத்திருக்கிறோம், உதறல் நின்று போயிருக்கிறது. இதை என்ன சொல்கிறீர்கள்?

நிற்கும் ஐயா, நிற்காது என்று நான் சொல்லவில்லை. திட்டைச் சீவினால் உதறல் போகத்தான் செய்யும். ஆனால் கூடவே டிஸ்கின் கனமும் போகிறது. ஓரத்தில் குறைந்தபட்சக் கனம் அச்சிட்டிருக்கும், அதை அளந்து பார்த்துவிட்டு லேத்தில் ஏற்றும் பட்டறை எத்தனை? மெலிந்த டிஸ்கில் சூடு சேர்த்துவைக்க இரும்பு குறைவு, அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் சூடேறும், இன்னும் சீக்கிரம் உதறும், மறுபடி உங்களிடம் வரும்.

அதே பட்டறை: மைக்ரோமீட்டர் இல்லாமல் எங்கள் பட்டறையில் வேலையே கிடையாது. குறை டிஸ்கில் இல்லை, டிஸ்க் மாட்டும் ஹப்பில். ஹப் முகத்தில் துரு இருந்தால் புது டிஸ்க் போட்டாலும் ஆடும்.

இது நூற்றுக்கு நூறு சரி, மொகப்பேர்க்காரர் கவனியுங்கள். டிஸ்கைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தை வயர் பிரஷ் போட்டு வெள்ளையாகத் தேய்க்க வேண்டும். நக நுனியளவு துரு அங்கே உட்கார்ந்தாலே வெளி ஓரத்தில் அது பெரிதாகி ஆட்டம் காட்டும். ஹப் ஆடினால், லேத்தில் நேராகச் சீவிய டிஸ்கும் வண்டியில் மாட்டியதும் ஆடத்தான் செய்யும். அதனால்தான் வண்டியில் மாட்டியபடியே சீவும் மெஷின் இருந்தால் ஒழியத் தனி லேத்தை நான் சொல்வதில்லை. ஐயா இதற்கும் பதில் வைத்திருப்பார்.

அதே பட்டறை: வைத்திருக்கிறேன். புது டிஸ்க் ஒரு ஜோடி என்ன விலை என்று மஸ்டாங்காரரைக் கேளுங்கள்.

அந்த விலையைப் பார்த்தால் எனக்கும் லேத் ஞாபகம் வரும்தான். சரி, கனம் போதுமான அளவு மிச்சம் இருந்து, ஹப்பைச் சுத்தம் செய்து, டயல் கேஜில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு மெல்லிய சீவல் என்றால் மறுக்க மாட்டேன். மூன்றாவது சீவலுக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்புவீர்களா, அதைச் சொல்லுங்கள்.

கே.கே. நகர்: பழைய 911 வாங்கியிருக்கிறேன், மஞ்சள் காலிப்பர். சாதாரண பேட் போடலாமா?

மஞ்சள் என்றால் போர்ஷேவில் வழக்கமாகக் கார்பன் செராமிக் டிஸ்க். ஆனால் மஞ்சள் பெயிண்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும். டிஸ்க் மேல் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அதற்கென்று உள்ள பேட் மட்டும்தான்.

மேடவாக்கம்: பேட் மாற்றிய பிறகு கீச் சத்தம் வருகிறது, என்ன செய்வது?

திருவான்மியூர் பதிலைப் படியுங்கள்.

கொளத்தூர்: ஜி.பி. ரோட்டில் ஒரிஜினல் கிடைக்குமா?

கிடைக்கும், ஒரிஜினல் டப்பாவில் வேறு எதுவோவும் கிடைக்கும். தெரிந்த கடை, பில், பேடின் பின்தகட்டில் பார்ட் நம்பரும் பேட்ச் நம்பரும் தெளிவாக இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் ரானே, சுந்தரம் என்று பிரேக் லைனிங்கில் பெரிய பெயர்கள் நம் சென்னையில் இருந்தே வந்தவை. இந்த ஊரில் போலி பேட் வாங்கி மாட்டுவதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

தாம்பரம்: கொல்லிமலை இறங்கும்போது கருகல் வாசனை. பேட் மாற்றணுமா?

எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஆட்டோமேட்டிக் கியரை டி-யில் போட்டு, பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கியிருப்பீர்கள். மேனுவல் மோடில் இரண்டாவது கியர். பேட் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, முகம் பளபளவென்று கண்ணாடியாகியிருக்கவில்லை என்றால் அதுவே போதும். ஆயில்? நீங்களும் எழுதவில்லை.

பல்லாவரம்: கீச் சத்தத்துக்கு பேட் முகத்தில் கிரீஸ் தடவலாமா?

தடவக் கூடாது! முகத்தில் துளி பட்டாலும் அந்த ஜோடி குப்பைக்கு. பின்தகட்டிலும் காதிலும் மட்டும், அதுவும் பெயருக்கு. காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ். இன்னொரு கீச் கேள்விக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

ராயபுரம்: என்ஃபீல்டுக்கு எந்த பேட்?

பைக் எனக்குத் தெரியாது.

மடிப்பாக்கம்: அண்ணா, இப்போதுதான் நாலு வீலுக்கும் பேட் மாட்டினேன். பெடல் தரை வரை போகிறது. மெதுவாக ஒரு ரவுண்டு எடுத்துப் பார்க்கவா?

எடுக்கவே கூடாது, மேலே நுங்கம்பாக்கத்துக்கு எழுதியதைப் படிக்கவில்லையா? எஞ்சினை அணைத்துவிட்டுக் குட்டிக் குட்டியாக மிதித்துக்கொண்டே இருங்கள், கெட்டியாகிவிடும். டப்பாவில் ஆயில் மட்டத்தையும் பாருங்கள். ஹோஸைக் கழற்றியிருந்தாலோ, மிதித்த பிறகும் பஞ்சாக இருந்தாலோ காற்று புகுந்திருக்கிறது. நாலு வீலையும் ப்ளீட் செய்ய (காற்றை வெளியேற்ற) ஆள் வீட்டுக்கு வரட்டும், வண்டி அவரிடம் போக வேண்டாம்.