வாக்குச்சீட்டா, மெஷினா? ஊராட்சித் தேர்தல் பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அடுத்த தேர்தலுக்கு எந்த முறை நல்லது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வாக்குச்சாவடி அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், டவுன்காரர்களுக்கு மெஷின், கிராமத்துக்கு மட்டும் ஏன் இன்னும் சீட்டு?

டவுனில் போடுவது ஒரே ஓட்டு. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற வாக்காளர்கள் வார்டு கவுன்சிலரை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். மேயரையும் சேர்மனையும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். கிராமத்தில் ஒருவருக்கு நாலு ஓட்டு. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நாலையும் மடித்து ஒரே பெட்டியில் போடுவார்கள்.

சட்டமன்றத் தேர்தலில் நாம் பார்க்கும் மெஷின் ஒரு ஆளிடம் ஒரு ஓட்டுதான் வாங்கும். அதை வைத்து ஊராட்சித் தேர்தல் நடத்தினால் ஒவ்வொரு சாவடிக்கும் ஓட்டுகளைப் பதிந்து வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி நாலு வேண்டும். அதனால், 'கிராமத்து மக்களுக்கு மெஷின் தெரியாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே மக்கள்தான் எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலில் பொத்தானை அமுக்குகிறார்கள்.

கேரளாவில் பஞ்சாயத்துக்கும் மெஷின்தானே அண்ணா? அவர்களால் முடிகிறதே.

முடிகிறது தம்பி. அவர்கள் பல பதவிகளுக்கான தனி மெஷின் வைத்திருக்கிறார்கள். ஒரே கட்டுப்பாட்டுக் கருவியோடு கிராமம், பிளாக், மாவட்டம் என்று பொத்தான் உள்ள மூன்று வாக்குப்பதிவுக் கருவிகளை இணைப்பார்கள். யாராவது ஒரு பதவிக்கு ஓட்டுப் போட விருப்பமில்லை என்றால் கடைசியில் 'எண்ட்' பொத்தானை அமுக்கி முடித்துக்கொள்ளலாம். அதை அமுக்காமல் போய்விட்டால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும்.

பீகாரில் 2021-ல் வாக்காளருக்கு ஆறு ஓட்டு. நாலு பதவிக்கு மெஷின், கிராமக் கச்சேரி என்ற ஊர் நீதிமன்றத்தின் சர்பஞ்ச், பஞ்ச் பதவிகளுக்குச் சீட்டு என்று இரண்டையும் கலந்து நடத்தினார்கள். அரசியல் சட்டத்தின் 243-கே பிரிவு ஊராட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் விட்டிருக்கிறது. அதனால்தான் மாநிலத்துக்கு மாநிலம் இத்தனை வேறுபாடு.

உங்கள் சொந்தக் கருத்து என்ன? மழுப்பாமல் சொல்லுங்கள்.

காகிதத் தடயம் இருக்கிற பல்பதவி மெஷின் கிடைக்கும்வரை கிராமத்தில் சீட்டே இருக்கட்டும். 2022 நகர்ப்புறத் தேர்தலில் பயன்படுத்திய மெஷின்களில், ஓட்டு யாருக்கு விழுந்தது என்று காட்டும் விவிபேட் கருவி இல்லை. ஊராட்சி வார்டு என்பது சில நூறு ஓட்டு. ஒன்று, இரண்டு ஓட்டில் முடிவு மாறும். தோற்றவருக்குக் கையில் எடுத்துக் காட்ட ஏதாவது இருந்தால்தான் ஊரில் சண்டை அடங்கும்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது, மறைக்க மாட்டேன். எண்ணிக்கைக்கு நேரம் பிடிக்கும். 2019 டிசம்பரில் பதிவான ஓட்டுகளை 2020 ஜனவரி 2 காலையில் எண்ணத் தொடங்கி மறுநாளும் எண்ணினார்கள். பெட்டியைக் கொட்டி, முதலில் நிறம் பிரித்து, அப்புறம்தான் எண்ணவே முடியும். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஊழியர்களுக்கு மாற்று ஆள் போட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கட்டு மாறினால் அது ஒருவரின் ஐந்து வருடம்.

செல்லாத ஓட்டு ஏன் விழுகிறது? முத்திரை இரண்டு இடத்தில் பட்டால் போச்சா?

ஒரே வேட்பாளரின் கட்டத்துக்குள் இரண்டு முறை குத்தினால் போகாது. எண்ணம் தெளிவாக இருக்கிறதே. இரண்டு பேருக்குக் குத்தினால், பேனாவால் கோடு போட்டால், கையெழுத்துப் போட்டால், யாருக்கு என்று தெரியாதபடி கோட்டின் மேல் விழுந்தால் செல்லாது.

ஓட்டுக் குத்தும் முத்திரையில் சுழல்வது போல் இருக்கும் அம்புக்குறிகளை எல்லோரும் வெறும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். மை காயாமல் மடித்தால் எதிர்ப்பக்கத்துக் கட்டத்திலும் அச்சு விழும். ஆனால் அங்கே அம்புகள் எதிர்த்திசையில் சுழலும். எது குத்தியது, எது ஒட்டியது என்று பார்த்தவுடன் தெரியும். வெறும் பெருக்கல் குறியாக இருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இதை ஒவ்வொரு முகவரும் தெரிந்துவைத்திருந்தால் மேஜையில் பாதித் தகராறு வராது.

சீட்டில் வரிசை எண் இருக்கிறது. நான் யாருக்குப் போட்டேன் என்று தலைவர் கண்டுபிடித்துவிடுவாரா?

மாட்டார் அம்மா. எந்த எண் சீட்டு யாருக்குப் போனது என்பது அடிக்கட்டையில்தான் இருக்கும். அந்த அடிக்கட்டைகளைத் தனி உறையில் சீல் வைத்துவிடுவார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் பிரிக்க முடியாது.

எனக்கு இருக்கும் கவலை வேறு. சாவடிவாரியாக எண்ணினால், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும். தண்ணீர்க் குழாயும் தெருவிளக்கும் தலைவர் கையில் இருக்கிற இடத்தில் இது சின்ன விஷயமில்லை. மெஷின்களின் ஓட்டுகளைச் சேர்த்துக் கூட்டும் 'டோட்டலைசர்' வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-ல் தன் 255-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. சீட்டுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஊராட்சியின் எல்லாப் பெட்டிகளின் தலைவர் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்து எண்ணினால் போதும். இதை விதியாகவே கொண்டுவர வேண்டும் என்பது என் கோரிக்கை.

நோட்டா உண்டா?

நம் உள்ளாட்சித் தேர்தலில் இல்லை. மகாராஷ்டிராவும் ஹரியானாவும் 2018-ல் ஒரு படி மேலே போய், நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்று உள்ளாட்சிக்கு உத்தரவு போட்டன.

பத்துப் பேர் நின்றால் கொஞ்சம் ஓட்டு வாங்கியவரே தலைவராகிவிடுகிறார். 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடும் சீட்டு வைக்கலாமே?

நியாயமான ஆசை. இலங்கை அதிபர் தேர்தலில் அந்த முறை இருக்கிறது. யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு வராததால், 2024-ல்தான் முதல்முறையாக இரண்டாம் விருப்பத்தை எண்ண வேண்டி வந்தது. நம் ஊராட்சிக்குக் கொண்டுவரச் சட்டத்தையே மாற்ற வேண்டும். நாலு சீட்டோடு இதையும் சேர்த்தால் செல்லாத ஓட்டு கூடும் என்று நினைக்கிறேன். தலைவர் சீட்டுக்கு மட்டும் ஒரு ஒன்றியத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

மறுஎண்ணிக்கை எப்போது கேட்க வேண்டும்?

முடிவை அறிவிப்பதற்கு முன்பு, எழுத்தில், காரணத்தோடு. வேட்பாளரோ முகவரோ கொடுக்கலாம். சமமாக வந்தால் குலுக்கல். அறிவித்த பிறகு மேஜையில் கத்திப் பயனில்லை, தேர்தல் வழக்குத்தான் வழி. அதனால் உங்கள் முகவரிடம் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து அனுப்புங்கள்.