"படித்தவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை" என்ற தலைப்பை எதிர்த்துக் கல்லூரியில் பேச வேண்டும். என்ன வாதங்கள் வைக்கலாம்? அரசின் அதிகாரம் பற்றியும் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம். முதலில் ஒரு வேண்டுகோள்: ஆபிரகாம் லிங்கனில் ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் பேசுகிறவரும் "மக்களால் மக்களுக்காக" என்றுதான் ஆரம்பித்திருப்பார். காமராஜரையும் விட்டுவிடுங்கள். "ஆறாம் வகுப்போடு நின்றவர் நாடாளவில்லையா?" என்று நீங்கள் கேட்டதும், "அவர் விதிவிலக்கு" என்று எதிரணி ஒரே சொல்லில் முடித்துவிடும்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. துறைத் தலைவர் தலைப்பைக் கையில் கொடுத்து, "எதிர்த்துப் பேச ஆள் இல்லை, நீ பேசு" என்றிருப்பார். எனக்கும் அப்படித்தான் நடந்தது. இதே தலைப்பு, வேறு மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில். ஆதரித்துப் பேச வந்தவர் ஒரு மருத்துவ மாணவர். நல்ல குரல், நல்ல சட்டை. "கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் என் தலையெழுத்தை எழுதுவதா?" என்றாரே பார்க்க வேண்டும், அரங்கம் அதிர்ந்தது.

என் அம்மா கைநாட்டு. வேர்க்கடலை பிடுங்கப் போவார், அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை. அந்தக் கைதட்டல் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தயாரித்து வைத்திருந்த தாளை மடித்துவிட்டுப் பேசினேன். எங்கள் ஊரில் ஏரி வாய்க்காலைத் தூர்வாரியதாக ஒரு கணக்கு இருந்தது. எழுதியவர் பட்டதாரி, ஒப்புதல் அளித்தவர்களும் பட்டதாரிகள். கிராம சபைக் கூட்டத்தில் அந்தக் கணக்கை வாசித்தபோது, "எந்த வாய்க்கால்? நான் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன், முள் அப்படியே இருக்கிறதே" என்று எழுந்து கேட்டவர் என் அம்மா. "மோசடி செய்யக் கையெழுத்து வேண்டியிருந்தது, கண்டுபிடிக்கக் கண் போதுமாக இருந்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எனக்கும் கைதட்டினார்கள். அவருக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே என்று என் தோழிகள் இன்றும் சொல்வார்கள்.

முதல் பரிசு அவருக்குத்தான் போனது. "சொந்தக் கதை வாதம் ஆகாது" என்றார் நடுவர். அப்போதும் நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் இல்லை. ஆனால் உங்களுக்கும் அப்படி ஒரு நடுவர் வாய்க்கக்கூடும் என்பதால், யாருடைய சொந்தக் கதையும் அல்லாதவற்றைச் சொல்கிறேன்.

வெள்ளையர் ஆட்சியில் வாக்குரிமைக்குச் சொத்து, வரி, கல்வி என்று தகுதிகள் இருந்தன. 1935 சட்டத்தின் கீழும் மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் ஓட்டு. அரசியலமைப்பின் 326ஆவது பிரிவு அந்தத் தகுதிகளை எல்லாம் கழித்துக்கட்டியது. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். எழுத்தறிவோ நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான். அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைத்தார்கள். தெரிந்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். அதே தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதையும் சொல்லுங்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றுதான் பதிந்திருந்தார்கள், சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அந்தப் பதிவுகளை ஏற்க மறுத்தார். கல்வித் தகுதி வைத்திருந்தால் முதலில் வெளியே நின்றிருப்பவர்களும் இதே பெண்கள்தான்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு நடத்திக் கறுப்பினத்தவரை வாக்குச்சாவடிக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். 1965 வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அது ஓய்ந்தது. தேர்ச்சியா தோல்வியா என்று முடிவு செய்தவர் பதிவு அலுவலர். "தகுதியை யார் அளப்பது?" என்ற கேள்விக்கு எதிரணியிடம் பதில் இருக்காது.

அரசின் அதிகாரத்துக்கு 1975 நெருக்கடி நிலையை எடுங்கள். ஆளைத் தூக்கி உள்ளே வைத்தால் நீதிமன்றத்தில் கேட்க முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஐந்து நீதிபதிகளில் எச். ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். நான்கு பேர் படிக்காதவர்களா? அந்த அதிகாரத்துக்கு 1977 தேர்தலில் கடிவாளம் போட்டவர்கள் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் இருந்தவர்கள். எழுத்தறிவில் பின்தங்கிய அந்த இரண்டு மாநிலங்களிலும் காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. எழுத்தறிவில் முன்னணியில் இருந்த கேரளம் காங்கிரஸ் இருந்த அணிக்கு இருபதுக்கு இருபதும் கொடுத்தது. நம் தமிழ்நாடும் பெரிய வித்தியாசம் இல்லை.

கேரள நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கட்டாயக் கருத்தடைக் கொடுமை வடக்கில்தான் அதிகம், அந்தக் கோபம் அங்கே இருந்தது என்பது எனக்கும் தெரியும். அதைத்தானே சொல்கிறேன்? யாருடைய உடம்பில் அரசு கை வைக்கிறதோ அவருக்கு ஓட்டு இருந்தது. நான் படிப்புக்கு எதிரி என்றும் யாரும் கிளம்ப வேண்டாம். படிப்பு இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை.

"படிக்காதவர்கள் காசு வாங்கி ஓட்டுப் போடுகிறார்கள்" என்பது கட்டாயம் வரும். காசு கொடுப்பவர் யார், படிக்காதவரா என்று கேளுங்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் முழுவதும் 70 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானபோது, படித்தவர்கள் நிறைந்த சென்னை 60ஐத் தொடவில்லை. (பட்டியலில் இரட்டைப் பதிவு, ஊர் மாறியவர்கள் என்று காரணங்கள் உண்டு. அதனால் இதை அழுத்திப் பேச வேண்டாம்.)

சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் போட்டிக்குப் போய்வந்த பஸ் செலவை என் கல்லூரி இன்றுவரை தரவில்லை. டிக்கெட்டுகளைத் தாளில் ஒட்டிக் கொடுத்தேன், அசல் வேண்டும் என்றார்கள். ஒட்டியதுதான் அசல் என்றேன். முதல்வர் கையெழுத்து இல்லை என்றார்கள். முதல்வர் மாறிவிட்டார். கேடயத்தை மட்டும் அலுவலக அலமாரியில் வைத்துக்கொண்டார்கள்.

எதிரணி விவரம் தெரிந்தவர்களாக இருந்தால் ஹரியானாவைக் கொண்டுவருவார்கள். அங்கே உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கல்வித் தகுதி வைத்தார்கள். பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அதைவிடக் குறைவு. வீட்டில் கழிப்பறை இல்லாதவரும் நிற்க முடியாது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. பதறாதீர்கள். அது வேட்பாளராக நிற்பதற்கான தகுதி. ஓட்டுப் போடுவதற்கு ஹரியானாவும் எதுவும் கேட்கவில்லை. ராஜஸ்தான் இதேபோன்ற விதியைக் கொண்டுவந்து 2019இல் திரும்பப் பெற்றதையும் கையில் வைத்திருங்கள். அதை முதல் சுற்றில் செலவழித்துவிடாமல், மறுமொழிக்குக் கொடுக்கும் இரண்டு நிமிடத்தில் எடுங்கள்.