கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டுமென்றால்: கூரைச் சூரிய மின்சாரமும் பற்றரியும்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பக்கத்து வீட்டில் 5 கிலோவாட் சோலார் பூட்டியிருக்கிறார்கள். ஆனால் கரண்ட் போனால் எங்களைப் போலவே அவர்களும் இருட்டில்தான். பகல் பன்னிரண்டு மணி வெயிலிலும் பேன் ஓடவில்லை. பனல் பழுதா? எங்கள் வீட்டுப் பாவனை மாதம் 190 யூனிட் அளவில் வருகிறது. எங்களுக்கு என்ன அளவில் பனலும் பற்றரியும் வேண்டும்?
— வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: பனலில் பழுது இல்லை. அவர்களிடம் இருப்பது லைனோடு மட்டும் ஓடும் இன்வேட்டர், அதாவது பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி. வெளி லைனில் மின்சாரம் நின்றவுடன் அது தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறி லைன் திருத்துபவரின் கைக்கு உங்கள் கூரை மின்சாரம் போய்ச் சேரும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது சோலார் பூட்டிய பல வீடுகள் இருட்டில் இருந்ததற்கும் இதுதான் காரணம். கரண்ட் போன பிறகும் வீடு ஓட வேண்டுமென்றால் பனல், பற்றரி, லைன் மூன்றோடும் ஓடும் ஹைபிரிட் இன்வேட்டரும் பற்றரியும் வேண்டும். கரண்ட் போனாலும் ஓட வேண்டியவற்றுக்கான அவசர லைனுக்கென்று தனியாக ஒரு சிறிய பிரேக்கர் பெட்டியும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயன் இல்லை.

கடைக்குப் போனதும் "எத்தனை கிலோவாட்?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லாதீர்கள். முதலில் வீட்டில் இருந்தே ஒரு கணக்குப் போடுங்கள்: கரண்ட் இல்லாத ஓர் இரவில், மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணிவரை எவை கட்டாயம் ஓட வேண்டும்?

60 வாட் பேன் மூன்று, ஒன்பது மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். 9 வாட் பல்பு ஆறு, ஐந்து மணி நேரத்துக்கு 0.27. பிரிஜ்ஜுக்கு இரவில் 0.6 வைத்துக்கொள்ளுங்கள். டிவி நான்கு மணி நேரத்துக்கு 0.32, வைபை ரவுட்டருக்கு 0.12. மொத்தம் 2.9 யூனிட். பற்றரியிலிருந்து வீட்டு மின்சாரமாக மாறும்போது எட்டு வீதம் அளவில் தொலையும், ஆகவே 3.2. பலரும் விட்டுவிடும் ஒன்று இன்னும் இருக்கிறது. இன்வேட்டர் சும்மா விழித்திருக்கவே 50 வாட் அளவில் தின்னும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு அது 0.6 யூனிட். இப்போது 3.8. பற்றரியை அடிமட்டம் வரை வடிக்காமல் பத்து வீதம் மிச்சம் வைத்தால் 4.2 யூனிட் கொள்ளும் பற்றரி வேண்டும். சந்தையில் கிடைக்கும் 51.2 வோல்ட், 100 அம்பியர் மணி லித்தியம் பற்றரி ஒன்று 5.12 யூனிட் கொள்ளும். உங்களுக்கு ஒன்று போதும். படுக்கையறை ஏசியும் இரவில் ஓட வேண்டும் என்று நினைத்தால் கணக்கு உடனே இரட்டிப்பாகிவிடும். அதை முதலே முடிவு செய்யுங்கள்.

இனிப் பனல். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் ஒரு கிலோவாட் பனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும். உங்கள் பாவனை நாளுக்கு 6.3 யூனிட். 550 வாட் பனல் ஆறு பூட்டினால் 3.3 கிலோவாட், சராசரியாக நாளுக்கு 12, 13 யூனிட் வரும். பகல் பாவனை போக பற்றரியும் நிறையும், மிச்சம் லைனுக்கும் போகும். ஆனால் கார்த்திகை, மார்கழி, தை மழையை மறக்கக் கூடாது. அடைமழை நாளில் அதே ஆறு பனல் 3 யூனிட்கூடத் தராது. அதற்காகப் பனலை இரட்டிப்பாக்குவது காசுக்கு நட்டம். மழைக்காலத்தில் லைனிலிருந்தும் பற்றரி ஏறும்படி இன்வேட்டரில் அமைத்து, 50 வீதத்துக்குக் கீழே இறங்காமல் இருப்பு வைத்தால் போதும். வெயில் காலம் வந்ததும் அந்த இருப்பை 20 வீதத்துக்கு இறக்கிவிடுங்கள்.

ஆறு பனலையும் ஒரே வரிசையில் தொடுத்தால் திறந்த நிலை வோல்ட், அதாவது மின்சாரம் எடுக்காதபோது பனலில் இருக்கும் வோல்ட், ஒன்றுக்கு 50 அளவில், 50 பெருக்கல் 6, மொத்தம் 300. இன்வேட்டரின் உச்ச எல்லை 500 வோல்ட் என்றால் இது பாதுகாப்பானது. குளிர் நாடுகளில் பனலின் வோல்ட் ஏறும் என்று பெரிய இடைவெளி விடுவார்கள். இங்கே விடியற்காலையிலும் 22 பாகைக்குக் கீழே போவது அரிது என்பதால் அந்த ஏற்றம் ஒரு வீதமும் இல்லை. அதற்காகப் பத்துப் பனலைத் தொடுத்து எல்லையிலேயே நிற்க வைக்கும் வேலையை மட்டும் அனுமதிக்காதீர்கள். எல்லை தாண்டி எரிந்த இன்வேட்டருக்கு உத்தரவாதம் இல்லை.

கேள்வி: வீடு கடலிலிருந்து 300 மீற்றர். ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் உக்கிப் போகிறது. இங்கே சோலார் நிலைக்குமா?
— வாசகி, சாய்ந்தமருது

பதில்: நிலைக்கும். பனலைவிட அதைத் தாங்கும் சட்டமும் ஆணிகளும்தான் முதலில் போகும், உங்கள் கவனம் அங்கே இருக்கட்டும். பட்டறையில் வெட்டி ஒட்டிய இரும்பு ஆங்கிள் மலிவு. ஆனால் ஒட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும், உப்புக்காற்று அந்த இடத்தில்தான் உள்ளே இறங்கும். மேலே பெயின்ற் அடித்தாலும் ஒரு மாரிக்குத்தான் தாங்கும். அனோடைஸ் செய்த அலுமினிய ரெயில் கேளுங்கள். நட்டும் போல்ட்டும் 316 தரத் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். 304 தரத்தில் கடற்கரையில் தேயிலைக் கறை போல் பழுப்பு ஏறும். அலுமினியமும் வெறும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிபடும், இடையில் மின்சாரம் கடத்தாத வாஷர் வேண்டும்.

பனல் வாங்கும்போது உப்புப் பனிச் சோதனை, அதாவது ஐஇசி 61701, சான்றிதழில் இருக்கிறதா என்று பாருங்கள். சில கம்பனிகளின் உத்தரவாதத் தாளில் கடற்கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் பூட்டினால் பொறுப்பில்லை என்று சிறிய எழுத்தில் இருக்கும். காசு கொடுக்குமுன் அந்தத் தாளை வாங்கி வாசியுங்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி உள்ள பனலுக்குள் ஈரம் புகுவது குறைவு. உங்கள் இடத்துக்கு அதைத்தான் சொல்வோம். பாரம் கூடியது, ஒன்று 30 கிலோவைத் தாண்டும் என்பதால் கைமரங்களை முதலில் பார்க்க வேண்டும்.

இன்வேட்டரைக் கடல் பார்த்த சுவரில் மாட்ட வேண்டாம். அதன் பேன் உப்புக்காற்றை உள்ளே இழுத்து எலெக்ட்ரோனிக் பலகையைத் தின்னும்.

காற்றையும் சொல்ல வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட கரை இது. பனலைக் கூரை விளிம்போடு ஒட்ட வைக்காமல் குறைந்தது ஓர் அடி உள்ளே தள்ளுங்கள், விளிம்பில்தான் காற்று தூக்கும். ரெயிலைப் பிடிக்கும் கொக்கி ஓட்டுக்கோ சீற்றுக்கோ அல்ல, கைமரத்துக்கு இறங்க வேண்டும்.

கேள்வி: லித்தியம் விலை கூட. பழைய மாதிரி 12 வோல்ட் டியூபியூலர் பற்றரி நாலு போட்டால் என்ன?
— வாசகர், ஏறாவூர்

பதில்: டியூபியூலர் என்பது ஈயப் பற்றரியின் ஒரு வகை. கரண்ட் எப்போதாவது போகும் வீட்டுக்கு, அவசரத்துக்கு மட்டும் என்றால் போடலாம். தினமும் ஏற்றி இறக்குவதற்கு என்றால் வேண்டாம். 150 அம்பியர் மணி பற்றரி நாலு சேர்ந்தால் 7.2 யூனிட் என்று எழுதியிருக்கும். பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் சுருங்கும் என்பதால் கைக்கு வருவது 3.6. 5.12 யூனிட் லித்தியத்தில் 4.6 வரை எடுக்கலாம். ஏற்றும்போது போகும் மின்சாரத்தில் ஈயப் பற்றரி ஐந்தில் ஒரு பங்கைத் தின்னும், லித்தியம் இருபதில் ஒரு பங்கு அளவில்தான். தினமும் பாதி வடித்தால் ஈயம் மூன்று, நாலு வருடம். வீட்டுக்கு வரும் லித்தியம் வகையான லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுக்கு 6000 முறை ஏற்றி இறக்கலாம் என்று எழுதுவது 25 பாகை வெப்பத்தில் கிடைத்த கணக்கு. நம் வெக்கையில் அது குறையும், இருந்தாலும் ஈயத்தின் இரண்டு, மூன்று மடங்கு நிற்கும். அதனால்தான் பற்றரியைத் தகரக் கூரைக்குக் கீழோ மேற்கு வெயில் படும் சுவரிலோ வைக்காதீர்கள் என்கிறோம். ஈயப் பற்றரி என்றால் ஏறும்போது ஐதரசன் வாயு வரும். படுக்கையறையிலும் விளக்கேற்றும் சாமியறையிலும் வைக்கவே கூடாது.

பழைய ஈயப் பற்றரியை எடுத்துவிட்டு அதே இன்வேட்டரில் லித்தியம் மாட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈயத்துக்கான 'ஈக்குவலைஸ்' அமைப்பு, அதாவது இடையிடையே வோல்ட்டைக் கூட்டி ஏற்றும் முறை, ஓடிக்கொண்டிருந்தால் வோல்ட் 58ஐத் தாண்டும், பற்றரியின் பாதுகாப்புப் பலகை திடீரென்று துண்டிக்கும். "புதுப் பற்றரி அடிக்கடி நிற்கிறது" என்ற முறைப்பாடுகளில் பெரும்பங்கு இதுதான். அதை நிறுத்தி, ஏற்றும் வோல்ட்டைப் பற்றரிக் கையேடு சொல்லும் அளவில், வழமையாக 56 தொடக்கம் 57 வரை, வையுங்கள். இன்வேட்டரையும் பற்றரியையும் இணைக்கும் தகவல் கேபிள் இன்டர்நெட் கேபிள் போலவே இருக்கும், எந்தக் கேபிளும் உள்ளே போகும். ஆனால் கம்பிகளின் வரிசை கம்பனிக்குக் கம்பனி வேறு. இன்வேட்டர் திரையில் பற்றரியின் இருப்பு வீதம் தெரியாவிட்டால் கேபிள் பிழை.

கேள்வி: கிணற்று மோட்டர் ஒரு குதிரை வலு. சோலார் இன்வேட்டர் 5 கிலோவாட். கரண்ட் இல்லாத நேரம் மோட்டரைப் போட்டால் எல்லாம் நின்றுவிடுகிறது.
— வாசகர், தம்பிலுவில்

பதில்: ஓடும்போது மோட்டர் 1.1 கிலோவாட் அளவில்தான் எடுக்கும். கிளம்பும் அந்த நொடியில் நாலு முதல் ஆறு மடங்கு கேட்கும். இன்வேட்டர் தாங்கினாலும் பின்னால் இருக்கும் 100 அம்பியர் மணி பற்றரி கைவிட்டிருக்கும். அந்த அளவுப் பற்றரிகள் பலவற்றில் தொடர்ந்து எடுக்கப் பரிந்துரைப்பது 50 அம்பியர், அதாவது 2.5 கிலோவாட்தான். முதலில் மோட்டரின் கப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள், தளர்ந்த கப்பாசிட்டர் கிளம்பும் நேரத்தை நீட்டும். அது சரியென்றால் இரண்டாவது பற்றரி ஒன்றைச் சமாந்தரமாகச் சேர்ப்பது ஒரு வழி. எங்கள் விருப்பம் வேறு: மோட்டரை அவசர லைனிலிருந்து எடுத்துவிட்டு, காலை பத்துக்கும் இரண்டுக்கும் இடையில் மேல் தாங்கியை நிரப்பி வையுங்கள். 1000 லீற்றர் தாங்கியும் ஒரு பற்றரிதான், விலையும் குறைவு.

கேள்வி: அறுவடைக் காலத்தில் சோலார் யூனிட் குறைகிறது. கழுவினால் வெள்ளைக் கறை படிகிறது.
— வாசகர், சம்மாந்துறை

பதில்: நெல் வெட்டு மெசின் கிளப்பும் தூசும் சுணையும் பனலின் கீழ் விளிம்பில்தான் திரளும். வெள்ளைக் கறை உங்கள் கிணற்று நீரின் சுண்ணாம்பு. மழைநீர் பிடித்து வைத்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் கழுவியதும் ரப்பர் பட்டியால் வழித்துவிடுங்கள். சூரியன் ஏறுமுன் செய்யுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றினால் வெடிப்பு வரலாம். சவர்க்காரத் தூள் வேண்டாம். காக எச்சத்தை மட்டும் பருவம் பார்க்காமல் உடனே எடுங்கள், அந்தப் புள்ளி சூடேறிப் பனலையே கருக்கும். பனலைப் படுக்கையாக வைத்திருந்தால் பத்துப் பாகை சாய்வு கொடுங்கள், மழையே பாதி கழுவிவிடும். தெற்கு நோக்கியிருந்தால் நல்லது. இந்த அட்சரேகையில் கிழக்கு, மேற்கு என்றாலும் இழப்பு சில வீதம்தான். தென்னோலை நிழல் அதைவிடக் கூடத் தின்னும்.

கேள்வி: 2018இல் 'நெற் எக்கவுண்டிங்' முறையில் 5 கிலோவாட் பூட்டினோம். ஏழு வருடம் முடிந்து யூனிட் 22 ரூபாவிலிருந்து 15.50க்கு இறங்கிவிட்டது. பற்றரி சேர்த்தால் லாபமா?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: காசுக் கணக்கில் லாபம் இல்லை. உங்கள் முறையில் பகலில் லைனுக்குக் கொடுத்த யூனிட், இரவில் எடுத்த யூனிட்டோடு ஒன்றுக்கு ஒன்றாகக் கழிபடுகிறது. மிச்சத்துக்குத்தான் 15.50. லைனே உங்களுக்கு இழப்பில்லாத பற்றரியாக இருக்கிறது. சொந்தப் பற்றரியில் சேமித்தால் போக வர பத்து வீதத்துக்கு மேல் தொலையும். கரண்ட் வெட்டுக்காக மட்டும் சேருங்கள். அதற்குச் சோலாரைத் தொடவே வேண்டியதில்லை: லைனிலிருந்து ஏறும் சிறிய பற்றரி இன்வேட்டர் ஒன்றை அவசர லைனுக்கு மட்டும் மாட்டலாம். பழைய சோலார் இன்வேட்டரின் கம்பியை அந்த அவசரப் பெட்டிக்குள் கொண்டுவர விடாதீர்கள். கரண்ட் இல்லாத நேரம் அது இந்தச் சிறிய இன்வேட்டரையே லைன் என்று நம்பி ஓடத் தொடங்கி, பற்றரி நிறைந்த பிறகும் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று எரித்துவிடக்கூடும். பழைய இன்வேட்டரையே ஹைபிரிட்டாக மாற்ற நினைத்தால் முதலில் உங்கள் பகுதி மின் விநியோகப் பிரதேசப் பொறியியலாளர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி பெறுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள இன்வேட்டர் வேறு, சுவரில் உள்ளது வேறு என்றால் கொடுப்பனவில் சிக்கல் வரும்.

கேள்வி: ஹைபிரிட் பூட்டிய நாள் முதல் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது.
— வாசகி, காத்தான்குடி

பதில்: அவசர லைனுக்குப் பிரித்தபோது உயிர்க்கம்பியை மட்டும் பிரித்து, நியூட்ரலைப் பழைய பெட்டியிலேயே விட்டிருப்பார்கள். போன மின்சாரம் வேறு வழியால் திரும்பினால் ட்ரிப் சுவிட்ச் அதைக் கசிவு என்றே எடுக்கும். அவசர லைனின் நியூட்ரல்கள் அனைத்தையும் தனி நியூட்ரல் பட்டைக்கு மாற்றச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சை எடுத்துவிட்டு நேராகக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு வயர்மனைக் கூப்பிடுங்கள்.