காற்று உண்டு, மின்சாரம் எவ்வளவு?

கேள்வி: ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அருகில் வசிக்கிறோம். ஆனி, ஆடி மாதங்களில் மாடியில் நிற்க முடியாத அளவுக்குக் காற்று வீசுகிறது. பழைய சீலிங் ஃபேன் மோட்டாரைக் கொண்டு மாடியிலேயே சிறிய காற்றாலை அமைத்து, வீட்டுக்கு மின்சாரம் எடுக்கலாமா?
- வாசகர் ஒருவர், தோவாளை

பதில்: காற்றைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, மோட்டாரையும் மாடியையும்தான் மாற்ற வேண்டும். பழைய சீலிங் ஃபேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதில் நிலைக்காந்தம் இல்லாததால், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதிலிருந்து தானாக மின்சாரம் வராது. பலரும் தேடிப்போகும் கார் ஆல்டர்னேட்டரோ (காரில் பேட்டரியை ஏற்றும் ஜெனரேட்டர்) நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழன்றால்தான் பேட்டரியை ஏற்றும். 2 மீட்டர் விட்டமுள்ள இறக்கை சில நூறு சுற்றுகளையே தரும். இரும்புத் தட்டுகளில் நியோடிமியம் காந்தங்களைப் பதித்து, அவற்றுக்கு நடுவே ரெசினில் வார்த்த செம்புச் சுருள்களை நிறுத்தும் ஜெனரேட்டரே இதற்குப் பொருத்தமானது. ஸ்காட்லாந்தின் ஸ்கோரெய்க் தீபகற்பத்தைச் சேர்ந்த ஹியூ பிகாட் இவ்வகைக் காற்றாலையை வீட்டிலேயே செய்யும் முறையைப் பல நாடுகளில் பரப்பியிருக்கிறார்.

காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது (வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும்), அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க இயலாது, வீட்டில் செய்தவற்றில் நான்கில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்லது. அக்கணக்கில் மேற்சொன்ன 2 மீட்டர் இறக்கை, விநாடிக்கு 5 மீட்டர் வேகக் காற்றில் ஏறத்தாழ 60 வாட்டும், 10 மீட்டர் வேகத்தில் 470 வாட்டும் தரலாம். சில எல்.இ.டி. விளக்குகளுக்கும் ஒன்றிரண்டு மின்விசிறிகளுக்கும் இது போதும், ஏ.சி., கிரைண்டர் ஆசையை விட்டுவிடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்தபின் விளைச்சல் குறையும் என்பதால், உடன் ஒரு சோலார் பேனலும் இருப்பது நல்லது.

மாடியில் கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் காற்றைச் சுழலாக உடைத்துவிடும்; போதாததற்கு, இறக்கையின் அதிர்வு கட்டடத்தில் இறங்கி இரவில் தூக்கத்தையும் கெடுக்கும். ஆகவே தனியிடத்தில், இழுவைக் கம்பிகளால் கட்டிய, கீழே சாய்க்கக்கூடிய கம்பத்தை நடுங்கள். சுமார் 100 மீட்டர் சுற்றளவிலுள்ள மரங்களையும் கட்டடங்களையும்விட அது 10 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். உங்கள் ஊர்க் காற்றில், வேகம் மிகும்போது இறக்கையைத் தானாகப் பக்கவாட்டில் திருப்பிவிடும் வால் அமைப்பு இன்றியமையாதது.

கேள்வி: காற்றாலை மின்சாரத்தைப் பேட்டரியில் சேமிக்க, கையிலிருக்கும் சோலார் சார்ஜ் கண்ட்ரோலரையே (பேட்டரி ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கருவி) பயன்படுத்தலாமா?
- அதே வாசகர்

பதில்: கூடாது. பேட்டரி நிறைந்ததும் சோலார் கண்ட்ரோலர் இணைப்பைத் துண்டித்துவிடும்; பேனலுக்கு அதனால் கேடில்லை, ஆனால் சுமையிழந்த காற்றாலை கட்டுக்கடங்காமல் சுழன்று இறக்கையைச் சிதறடிக்கும். மிகுதி மின்சாரத்தை ஒரு ஹீட்டர் காயிலுக்குத் திருப்பிவிடும் கண்ட்ரோலரை வாங்குங்கள். இந்த மின்சாரத்தை மின்வாரிய இணைப்புள்ள வயரிங்கில் சேர்க்காமல் தனி வயரிங்கில் கொண்டுசெல்லுங்கள். மின்தடை நேரத்தில் அது வெளிக்கம்பியில் ஏறினால், கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து.