3.2 லட்ச ரூபாய் கணினி முதலீடாகுமா?

கேள்வி: எனக்கு வயது 29. சென்னையில் மென்பொருள் டெவலப்பராக இருக்கிறேன். பிடித்தம் போக, கைக்கு வரும் சம்பளம் 92,000 ரூபாய். வாடகையில் என் பங்கு 16,000. விருதுநகரில் இருக்கும் பெற்றோருக்கு 15,000. மற்ற செலவுகள் 24,000. புதிய கருவிகள் மீது எனக்குத் தீராத ஆர்வம். லேப்டாப்புக்கு 9,800, போனுக்கு 6,200, மானிட்டருக்கு 4,000, டேப்லெட்டுக்கு 3,400 என மாதத் தவணைகள் ஓடுகின்றன. மானிட்டர் தவணை மூன்று மாதங்களிலும், டேப்லெட் நான்கிலும், போன் ஐந்திலும், லேப்டாப் எட்டிலும் முடியும். ஏஐ கருவிகள், கிளவுட், ஓடிடி சந்தாக்களுக்கு மாதம் 7,800 போகிறது. வைப்பு நிதியில் 40,000 இருக்கிறது. ஏஐ மாடல்களை வீட்டிலேயே இயக்கிப் பழக, நல்ல கிராஃபிக்ஸ் கார்டுடன் 3.2 லட்ச ரூபாயில் ஒரு கணினி வாங்க நினைக்கிறேன். கிரெடிட் கார்டில் 24 மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ (வட்டியில்லாத் தவணை) வசதி கிடைக்கிறது. இதைத் தொழிலுக்கான முதலீடாகக் கருதலாமா? வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அறிவித்திருக்கும், சட்டையில் அணியும் ஏஐ கருவிக்கும் முன்பதிவு செய்யலாமா? அடுத்த ஆண்டு எனக்குத் திருமணம் செய்யப் பேச்சு நடக்கிறது.

பதில்: வரவு செலவை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் என் வேலை எளிதாகிவிட்டது. கூட்டிப் பார்த்தால் மாதம் 86,200 ரூபாய் செலவாகிறது, மிச்சம் 5,800. புதிய கணினியின் தவணை 13,333. முதல் மாதமே 7,500 ரூபாய் துண்டு விழும். அதை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கடிதத்தில் இல்லை. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால், அதற்குப் பல கார்டுகள் மாதம் 3.5 சதவீதம் வட்டி போடுகின்றன. ஆண்டுக் கணக்கில் அது 40 சதவீதத்தைத் தாண்டும்.

எனவே, இப்போது வாங்க வேண்டாம். ஆனால் முதலீடா என்று கேட்டிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

போட்ட பணம் வருமானமாகவோ மதிப்பு உயர்வாகவோ திரும்பி வந்தால்தான் முதலீடு. வருமான வரி விதிகளே கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் தருகின்றன. அதன் மதிப்பு எவ்வளவு விரைவில் கரையும் என்பதற்கு அரசே தரும் ஒப்புதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேய்மானச் சலுகையும் உங்களுக்குக் கிடையாது. தொழில் வருமானம் காட்டுகிறவர்கள் அதை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், சம்பளக்காரர்களால் முடியாது. வார இறுதியில் வெளி வேலைகள் எடுத்துச் செய்து, அதைத் தொழில் வருமானமாகக் காட்டினால் நிலைமை மாறும். அப்போதும், வரவில் பாதியை லாபமாகக் காட்டும் எளிய முறையைத் தேர்ந்தெடுத்தால் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க இயலாது.

வரியை விடுவோம். ‘இதில் பழகினால் நல்ல வேலை கிடைக்கும்’ என்பதுதான் உங்கள் உண்மையான வாதம் என்று நினைக்கிறேன். அது நியாயமான வாதம். உங்கள் துறையில் கையால் செய்து பார்க்காதவர் பின்தங்கிவிடுவார். ஆனால் பழகுவதற்குத் தேவை கணினி ஓடும் நேரம். அந்தக் கணினி உங்கள் அறையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கிராஃபிக்ஸ் கார்டுள்ள கணினியை கிளவுடில், அதாவது இணையம் வழியாக, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுக்கலாம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணிக்கு 100 ரூபாய் என்று தாராளமாகவே வைப்போம். வாரம் 10 மணி நேரம் விடாமல் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 52,000 ரூபாய். 3.2 லட்சத்தைத் தொட ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்த கார்டுக்குப் பின் எத்தனை தலைமுறை கார்டுகள் வந்திருக்கும்? என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு சந்தைக்கு வந்தது 2022 அக்டோபரில். அடுத்த தலைமுறையான 5090 வந்தது 2025 ஜனவரியில். இடைவெளி இரண்டேகால் ஆண்டு.

சொந்தக் கணினிக்கும் நன்மைகள் உண்டு. தரவு வெளியே போகாது, மீட்டர் ஓடுகிறதே என்ற பதற்றம் இருக்காது. மின்கட்டணமும் நீங்கள் பயப்படும் அளவுக்கு இராது: 600 வாட் என்று கொண்டாலும் வாரம் 10 மணி நேரத்துக்கு 6 யூனிட்தான். கேம் விளையாடவும் உதவும் என்பதை நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

‘நோ காஸ்ட்’ என்ற பெயரில் வருவதையும் பார்த்துவிடுவோம். வங்கி வட்டி வாங்கத்தான் செய்கிறது. அந்த அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி தருவதால் உங்கள் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆண்டு வட்டி 16 சதவீதம் என்று வைத்தால், உங்கள் 3.2 லட்சத்துக்குள் ஏறத்தாழ 47,700 ரூபாய் வட்டி இருக்கிறது. கிரெடிட் கார்டு தவணையில் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அந்த 8,600 ரூபாயை நீங்கள்தான் கட்ட வேண்டும். செயலாக்கக் கட்டணம் தனி. மொத்தப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால், மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலோ வேறு கடையிலோ பேசி வாங்கக்கூடிய விலைக்குறைப்பும் கைநழுவும்.

அடுத்து, அணியும் ஏஐ கருவி. ஹியூமேன் என்ற அமெரிக்க நிறுவனம் இதே போன்ற ‘ஏஐ பின்’ கருவியை 2024 ஏப்ரலில் 699 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாதம் 24 டாலர் சந்தா வேறு. 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் சொத்துகளில் பெரும்பகுதியைக் கணினி நிறுவனமான எச்பி வாங்கியது. அதே மாதம் 28ஆம் தேதி, கருவியை இயக்கிவந்த சர்வர்கள் நிறுத்தப்பட்டன. வாங்கியவர்கள் கையில் மிஞ்சியது, பெரும்பாலும் எதற்கும் பயன்படாத ஒரு சிறு பெட்டி. சர்வர் நின்றால் செத்துவிடும் கருவியை வாங்கும்போது, அந்த நிறுவனத்தின் ஆயுளுக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறீர்கள். முன்பதிவு வேண்டாம், விற்பனைக்கு வந்து ஓராண்டு ஓடட்டும்.

நான் உடனே கைவைப்பது சந்தாக்களில்தான். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மூன்று ஏஐ சந்தாக்கள் உங்களிடம் இருக்கும் என்பது என் ஊகம். டாலரில் கழிக்கப்படும் சந்தாவுக்குப் பல கார்டுகள் 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கின்றன, அதற்கும் ஜிஎஸ்டி. ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகக் கழிக்கப்படும் ஒவ்வொரு சந்தாவுக்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வரும். அதைத் தள்ளிவிடாமல் ஒரு மாதம் படியுங்கள். மொத்தச் சந்தாவை 4,500க்குள் கொண்டுவாருங்கள். அதில் 1,500 கிளவுட் வாடகைக்கு. 100 ரூபாய்க் கணக்கில் மாதம் 15 மணி நேரம் கிடைக்கும். மூன்று மாதங்கள் தொடர்ந்து அந்த நேரத்தை முழுவதும் பயன்படுத்திவிட்டு, போதவில்லை என்று தோன்றினால் கணினியைப் பற்றி மீண்டும் எழுதுங்கள். அலுவலகத்தில் பயிற்சிக்கென்று நிதியோ கிளவுட் கணக்கோ தருகிறார்களா என்றும் கேளுங்கள்; பலர் கேட்பதே இல்லை.

சந்தாவில் மிச்சமாகும் 3,300, இப்போது மிஞ்சும் 5,800, ஒவ்வொன்றாக முடியும் தவணைகளின் தொகை ஆகியவற்றை அப்படியே சேர்த்துவந்தால், லேப்டாப் தவணை முடியும்போது 1.25 லட்சம் சேரும். கையிலிருக்கும் 40,000உடன் 1.65 லட்சம், மூன்று மாதச் செலவுக்குச் சற்றுக் குறைவு. இது அவசரகால நிதி, தொடாதீர்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம், ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. பெரிய நிறுவனத்தில் இருப்பதே பாதுகாப்பு என்ற காலம் போய்விட்டது. வேலை போனாலும் விருதுநகருக்கு 15,000 போக வேண்டுமே.

ஒன்பதாவது மாதத்திலிருந்து 32,500 ரூபாய் கையில் நிற்கும். அதில் 20,000 திருமணத்துக்கும் அவசரகால நிதிக்கும். ஓராண்டுக்குள் தேவைப்படும் பணம் என்பதால் தொடர் வைப்புத் திட்டமோ லிக்விட் ஃபண்டோ போதும். இந்த 20,000உடன் பங்குச்சந்தைப் பக்கம் போக வேண்டாம். நீண்ட காலத்துக்கென்று 6,500 ரூபாய்க்கு, பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி (மாதாந்திர முதலீடு) தொடங்குங்கள். மீதி 6,000 கருவிகளுக்கென்று தனிக் கணக்கில் சேரட்டும். ஆண்டுக்கு 72,000 ஆகும். அதில் என்ன வாங்கினாலும் நான் கேட்க மாட்டேன், வரப்போகிறவர் கேட்கலாம். அந்தக் கணக்கில் இல்லாத பணத்தில் எதையும் வாங்காதீர்கள். புதிய தவணையும் வேண்டாம்.

பழைய கருவிகள் அலமாரியில் இருந்தால் இந்த மாதமே விற்றுவிடுங்கள். பில்லும் பெட்டியும் இருந்தால் கூடுதல் விலை கிடைக்கும். தரவை முழுவதும் அழித்த பிறகே கொடுங்கள். விற்ற பணத்தில் தவணைகளை முன்கூட்டியே அடைக்க அவசரப்பட வேண்டாம். அதற்கும் வங்கிகள் கட்டணம் வாங்குகின்றன, ‘நோ காஸ்ட்’ தவணையில் அதனால் மிச்சமாவதும் சொற்பம். அந்தப் பணத்தை வைப்பு நிதியில் இருக்கும் 40,000உடன் சேர்த்துவிடுங்கள்.