ஒரே ஸ்லைடு, இரண்டு அறிக்கை: யாரை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 37. குழந்தை இல்லை. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்ததால் கருப்பையைச் சுரண்டித் திசுவைச் சோதித்தார்கள். 'புற்றுநோய், தசைக்குள் ஊடுருவியிருக்கலாம்' என்றது முதல் அறிக்கை. அதே ஸ்லைடைப் பார்த்த இன்னொரு பத்தாலஜிஸ்ட் (திசுவைச் சோதித்து நோயைச் சொல்லும் டாக்டர்), 'ஏடிபிகல் பாலிபாய்டு அடினோமயோமா' என்கிறார். ரத்தத்தில் பார்க்கும் புற்றுக் குறிகாட்டியான சிஏ-125 அளவு 90. கருப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சந்தேகம் தீராமல் ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள். அதற்காகச் சோதனைகளைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

நானும் பத்தாலஜிஸ்ட்தான். இந்தக் குழப்பம் எங்கே வருகிறது என்று சொல்கிறேன். கருப்பையின் உள்சவ்வுத் திசு தசைச் சுவருக்குள் வளர்வது அடினோமயோசிஸ். உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் ஏடிபிகல் பாலிபாய்டு அடினோமயோமா, பெயரில் அதை ஒத்த அரிய நோய்: சுரப்பிகளும் தசையும் கலந்து, கருப்பைக்குள் பாலிப்பாகத் தொங்கும் கட்டி. பெரும்பாலும் மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு வருவது. சுரண்டும்போது அது துண்டு துண்டாக வருகிறது. ஒரு துணுக்கில் ஒழுங்கில்லாத சுரப்பிகள், சுற்றிலும் தசை. 'புற்று தசையைத் துளைத்துவிட்டது' என்று தோன்றுவது இயல்பு. உற்றுப் பார்த்தால், அந்தத் தசை சிறு சிறு கற்றைகளாகப் பின்னிக் கிடக்கும். அது கட்டியின் சொந்தத் தசை. புற்று ஊடுருவும்போது சுற்றுத் திசு காட்டும் நார்ப்பெருக்கம் பொதுவாக இருக்காது. சுரப்பிகளுக்குள் தட்டைச் செல்கள் உருண்டையாகத் திரண்டிருப்பதும் நல்ல துப்பு.

துணுக்குகளை மட்டும் வைத்து இதை அறுதியிட நானே தயங்குவேன். ஹிஸ்டிரோஸ்கோப்பி (கருப்பைக்குள் கேமரா குழாய் செலுத்திப் பார்ப்பது) வழியாகக் கட்டியை அடிப்பகுதியோடு எடுத்தால், அதன் விளிம்பு தெளிவாகத் தெரியும். அதற்கு முன் எம்ஆர்ஐ எடுத்து, கட்டிக்குக் கீழே தசைச் சுவர் கெடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சிஏ-125 அடினோமயோசிஸிலும் ஏறும், மாதவிலக்கு நாட்களிலும் ஏறும். 90 என்ற எண்ணை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள்.

இரண்டாவது அறிக்கையே சரியென்றாலும் அலட்சியம் கூடாது. இந்தக் கட்டி திரும்ப வரக்கூடியது. சிலருக்குப் பக்கத்திலேயே உண்மையான புற்றும் இருக்கும். கருப்பையை வைத்துக்கொண்டால் தொடர்ந்து ஸ்கேனும் பயாப்சியும் அவசியம். குழந்தை வேண்டும் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிகிச்சையின் பாதையே அதனால் மாறும்.

அப்புறம், ஆய்வகத்தில் ஸ்லைடோடு பாரஃபின் பிளாக்குகளையும் (உங்கள் திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டுகள்) கேட்டு வாங்குங்கள். பெண்ணுறுப்பு நோய்களை மட்டுமே பார்க்கும் பத்தாலஜிஸ்ட் ஒருவர் அதிலிருந்து புதிதாக வெட்டிப் பார்க்கட்டும்.