அரசுப் பள்ளியில் பிள்ளை பத்திரமாக இருக்கிறதா? பெற்றோர் கேட்டதும் நான் சொன்னதும்

கடலூரில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில்தான் என் பெரியவன் பன்னிரண்டாவது முடித்தான், சின்னவள் இப்போது அங்கேயே ஒன்பதாவது படிக்கிறாள். பெற்றோர் அதிகமாக இருக்கிற அந்தப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு இரண்டு வருடம் தலைவியாக இருந்தேன். அதனால் ரேஷன் கடை வரிசையில் நின்றால்கூட யாராவது ஒருவர் பிள்ளையைப் பற்றி ஏதாவது கேட்பார்கள். பாதுகாப்பு, ஒழுங்கு இரண்டையும் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். ஊர் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன், ஆள் பெயர் வேண்டாம்.

முதுநகர், ஒரு அப்பா: என் பையன் எட்டாவது. சார் பிரம்பால் அடித்ததில் உள்ளங்கை வீங்கிவிட்டது. ஆனால் சேர்க்கும்போது "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொன்னதே நான்தான். இப்போது எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

போய்க் கேளுங்கள் அண்ணா. என் அப்பாவும் என்னைச் சேர்க்கும்போது அதையேதான் சொன்னார். ஆனால் நீங்கள் சொன்னதால் அவருக்கு அடிக்கிற உரிமை வந்துவிடாது. தமிழ்நாட்டில் 2003லேயே கல்வி விதியைத் திருத்தி, உடம்புக்கோ மனசுக்கோ வலி தருகிற தண்டனை கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. பிரம்படி மட்டுமில்லை, முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, அப்பன் தொழிலைச் சொல்லித் திட்டுவது எல்லாம் இதில் அடங்கும்.

முதலில் கையை மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் கேட்டில் சத்தம் மட்டும் போடாதீர்கள். உங்கள் கோபம் அன்றைக்கே தீர்ந்துவிடும், மறுநாள் அதே வகுப்பில் போய் உட்கார வேண்டியவன் உங்கள் பையன். தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், இரண்டு நகலாக எடுத்துப் போய் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் 14417க்குப் பேசுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் எண்தான் அது. அதற்கும் மேலே வேண்டுமென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் இருக்கிறது.

மஞ்சக்குப்பம், ஒரு அம்மா: பொண்ணு ஏழாவது. காலையில் கொடுத்துவிடுகிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால் தாகமே எடுக்கவில்லை என்கிறாள்.

தாகம் எடுக்கும் அம்மா. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்றுதான் குடிக்காமல் இருக்கிறாள். என் பொண்ணும் அப்படித்தான் இருந்தாள், எனக்கே ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

தலைவியான இரண்டாவது வாரம் நான் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குள் போய்ப் பார்த்தேன். ஆறு கதவில் நாலுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு கதவில் தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் துப்பட்டா ஓரத்தைக் கிழித்து முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே போகிற பிள்ளை அந்தத் துணியைக் கையில் இழுத்துப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும், வெளியே ஒரு தோழி காவல் நிற்க வேண்டும். அந்த முடிச்சு அழுக்கேறிக் கருத்துப் போயிருந்தது, எத்தனை மாதமாகத் தொங்குகிறதோ. எந்தப் பெரியவர் கண்ணிலும் அது படவே இல்லை, ஏனென்றால் ஆசிரியைகளுக்குக் கழிப்பறை தனி.

நிதி வரட்டும் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. குழுவில் இருந்த ஒரு ஆசாரி சனிக்கிழமை வந்து நாலு தாழ்ப்பாளையும் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார், அரை நாள் வேலை. அப்புறம் இடைவேளையில் ஒரு ஆசிரியை அந்தப் பக்கம் நிற்பது என்று முறை வைத்தோம்.

மிரட்டல், காசு பிடுங்குவது, போன் வைத்துப் படம் எடுப்பது எல்லாம் பெரியவர் கண் படாத இடத்தில்தான் நடக்கும். கழிப்பறை, மாடிப்படிக்குக் கீழே, சைக்கிள் நிறுத்துகிற இடம். பாதுகாப்பு என்றதும் எல்லோரும் கேமரா கேட்கிறார்கள், அதைக் கழிப்பறையில் வைக்க முடியாது, அங்கே மனுஷர்தான் நிற்க வேண்டும். உங்கள் பொண்ணிடம் "தாழ்ப்பாள் இருக்கா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், மீதியை அவளே சொல்வாள். நாள் முழுக்க அடக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும், எரிச்சல் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நெல்லிக்குப்பம், ஒரு அம்மா: பத்தாவது படிக்கிற பையன் பேண்ட்டைத் துவைக்கப் போடும்போது பாக்கெட்டில் கூல் லிப் பொட்டலம் இருந்தது. அவங்க அப்பாவுக்குத் தெரிந்தால் வெட்டிப் போட்டுவிடுவார்.

அப்பாவிடம் சொல்லுங்கள், ஆனால் அவர் கோபமாக வருகிற நேரத்தில் வேண்டாம். உதட்டுக்குள் அடக்கி வைக்கிற அந்தச் சின்னப் பையில் புகையிலைதான் இருக்கிறது, பழகிவிட்டால் திட்டியோ அடித்தோ நிறுத்த முடியாது. நிறுத்தும்போது சில நாள் எரிந்து எரிந்து விழுவான், தூக்கம் வராது. அதைத் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். 1800112356 என்று புகையிலை விடுவதற்கான இலவச எண் இருக்கிறது, அவனையே பேச வையுங்கள்.

அப்புறம் கடை. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் எதுவும் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு எங்கேயுமே விற்கக் கூடாது, இது 2003 புகையிலைச் சட்டம். மெல்லுகிற புகையிலை தமிழ்நாட்டில் 2013லிருந்தே தடை. குழந்தைக்குப் புகையிலை கொடுத்தவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தில் ஏழு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். புகாரைக் கடை மேல் கொடுங்கள், பையன் பெயரை இழுக்க வேண்டியதே இல்லை. எங்கள் பள்ளிக்குப் பின்னால் சுற்றுச்சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது, ஓட்டைக்கு நேரே ஒரு பெட்டிக்கடை. ஓட்டையை அடைத்த மாதமே கடைக்காரர் இடத்தை மாற்றிக்கொண்டார்.

குறிஞ்சிப்பாடி பக்கம், ஒரு அண்ணன்: தம்பி பதினொன்றாவது. இரண்டு ஊர்ப் பையன்கள் கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் முறைத்துக்கொள்கிறார்கள். சின்னப் பசங்க விஷயம் என்று பள்ளியில் விட்டுவிட்டார்கள்.

விடக் கூடாது தம்பி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள், அதுவும் பள்ளிக்கூடத்தில் தொடங்கியதுதான். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டுகிற கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் பள்ளிக்குள் கூடாது என்று பரிந்துரைத்தது.

ஆனால் கயிற்றை அறுத்துக் குப்பையில் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்தால் அந்த வெறுப்பு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும். எங்கள் பள்ளியில் வாரம் ஒரு முறை உட்காருகிற இடத்தை மாற்றினார்கள், அதனால் ஒரே ஊர்ப் பையன்கள் கடைசி பெஞ்சில் கூட்டமாக உட்காருவது குறைந்தது. சாயங்காலம் பள்ளி விடுகிற நேரத்தில் உடற்கல்வி ஆசிரியரும் இரண்டு பெற்றோரும் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றோம். யாரையும் அதட்டவில்லை, சும்மா நின்றோம், அவ்வளவுதான். பெற்றோர் ஒரே சாதியிலிருந்து வராமல் பார்த்துக்கொண்டோம், அது முக்கியம்.

பண்ருட்டி, ஒரு அப்பா: பையனுக்கு 16 வயது. டியூஷனுக்கும் பள்ளிக்கும் பைக் கொடுக்கலாமா?

கூடாது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு தண்டனை உங்களுக்குத்தான், 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இலவச பஸ் பாஸ் இருக்கிறது, சைக்கிளும் அரசே கொடுக்கிறது. வேன், ஆட்டோவில் அனுப்புகிறவர்கள் ஒரு நாளாவது அதே வண்டியில் கூடப் போய் ஓட்டுநர் ரயில்வே கேட்டில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். 2025 ஜூலை 8ஆம் தேதி நம் கடலூர் பக்கத்துச் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மேல் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள், அன்றைக்குச் சாயங்காலம் என் பிள்ளைகள் வீட்டுக்குள் வருகிற வரைக்கும் நான் தெருவிலேயே நின்றிருந்தேன்.

ஊர் வேண்டாம், ஒரு ஆசிரியை: அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, வெளியே நிறுத்தக் கூடாது. ஒரு வகுப்பில் 52 பேர். பின் பெஞ்சுப் பையன் என் முகத்துக்கு நேராக விசில் அடிக்கிறான். பெற்றோர் பக்கம் மட்டும் பேசாமல், நாங்கள் என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

டீச்சர், உங்கள் கேள்வி நியாயமானது. பிரம்பைக் கையிலிருந்து வாங்கியவர்கள் அதற்குப் பதிலாக உங்களுக்கு எதையும் கொடுக்கவில்லை. 52 பேருக்கு ஒருவர் என்பது பெரிய பாரம், அதைப் பெற்றோர் சேர்ந்து கேட்டால்தான் மேலே காதில் விழும். எங்கள் பள்ளியில் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வராத பிள்ளைக்கு அன்றைக்கே வீட்டுக்குப் போன். பத்தரை மணிக்குள். மூன்று நாள் கழித்துக் கேட்டால் காய்ச்சல் என்பான், அன்றைக்கே கேட்டால் அம்மா "காலையிலேயே கிளம்பிட்டானே" என்று பதறுவாள். போன் பேசுகிற வேலையைக் குழுவில் இரண்டு அம்மாக்கள் எடுத்துக்கொண்டோம். அடுத்தது, எல்லோர் முன்னாலும் வைத்து ஒருவனைக் கேட்காதீர்கள். விசில் அடிக்கிறவனுக்கு வகுப்பு முழுக்க ரசிகர்கள், அந்த இடத்தில் நீங்கள் என்ன சொன்னாலும் அவன் தோற்க மாட்டான். மணி அடித்த பிறகு தனியாக ஐந்து நிமிடம் நிறுத்திப் பேசுங்கள்.

ஒரு பையன். ஒன்பதாவது. ட்யூப்லைட்டை உடைத்துவிட்டான், டி.சி. கொடுக்கப் போகிறார்கள் என்று விஷயம் குழுவுக்கு வந்தது. வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு அவனோடு உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை, காலால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தான். அப்புறம் மெதுவாக வந்தது. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா விடிகாலை மூன்று மணிக்கே மீன் எடுக்கத் துறைமுகத்துக்குப் போய்விடுவார், தம்பி தங்கை இரண்டு பேரையும் எழுப்பிக் கிளப்பிவிட்டு வருகிறவன் இவன்தான். தினமும் லேட். தினமும் முதல் பீரியட் வெளியே. அந்த வருடம் அவன் கணக்குப் பாடத்தைக் கேட்டதே இல்லை, ஏனென்றால் கணக்குத்தான் முதல் பீரியட். புது ட்யூப்லைட்டை அவனே வாங்கி வந்து மாட்டினான், லேட்டாக வந்தாலும் உள்ளே உட்காரலாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன், பத்தாவதில் இரண்டு பாடம் போய்த் துணைத் தேர்வில்தான் தேறினான். ஆனால் பள்ளியை விடவில்லை.

டி.சி. என்று மிரட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டாவது முடிக்கிற வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 16ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்கு மேலே கொடுத்தாலும் அவன் அடுத்த பள்ளிக்குப் போவான், இல்லை வேலைக்குப் போவான். ஆனால் உங்கள் மேல் ஒரு மாணவன் கை வைத்தால் மறைக்காதீர்கள் டீச்சர், பள்ளி மானம் என்று யார் சொன்னாலும் எழுத்தில் கொடுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும், அவன் வாழ்க்கை போய்விடுமே என்று நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூர், ஒரு அம்மா: பள்ளியில் வேலை செய்யும் ஒருவர் தப்பாகத் தொடுகிறார் என்று என் பொண்ணு தோழியைப் பற்றிச் சொல்கிறாள். நம் பிள்ளை இல்லையே, நாம் எப்படிச் சொல்வது?

இன்றைக்கே 1098க்குப் பேசுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண் அது. யார் பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012 போக்சோ சட்டப்படி தெரிந்த யாரும் சொல்லியே ஆக வேண்டும், தனக்குக் கீழே வேலை செய்கிறவர் செய்ததைத் தெரிந்தும் மறைக்கிற நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை சிறை. அந்தப் பிள்ளை காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை, வீட்டுக்கே வந்து, சீருடை இல்லாமல், கூடிய வரை பெண் அதிகாரிதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். பெயர் வெளியே வரக் கூடாது, உங்கள் வாயிலிருந்தும் வரக் கூடாது. தலைமையாசிரியரிடம் சொல்லி அவர் விசாரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், விசாரிப்பது அவர் வேலை இல்லை. உங்கள் பொண்ணை மடியில் போட்டுக்கொண்டு, நீ சொன்னது நல்லது என்று சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினம், ஒரு அப்பா: மழை விட்டாச்சு, பள்ளி திறந்தாச்சு. சுற்றுச்சுவர் சாய்ந்த மாதிரி இருக்கிறது. யாரிடம் சொல்வது?

சுவருக்குப் பத்தடி தள்ளிக் கயிறு கட்டச் சொல்லுங்கள், அதுதான் முதல் வேலை. அப்புறம் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுப் பொதுப்பணித் துறைப் பொறியாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். 2024 ஃபெஞ்சல் புயலும் அதற்குப் பின்னால் வந்த தென்பெண்ணை வெள்ளமும் நம் பக்கம் எத்தனை சுவரை ஊற வைத்தன என்று உங்களுக்கே தெரியும். ஊறின சுவர் வெயில் காய்கிறபோதும் விழும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் செத்துப்போனார்கள், அதுவும் மழை மாதம் முடிகிற நேரம்தான்.

பாகூர், ஒரு அம்மா: நாங்கள் புதுச்சேரி. நீங்கள் சொல்வதெல்லாம் எங்களுக்கும் சேருமா?

கல்வி உரிமைச் சட்டம், போக்சோ, 1098 எல்லாம் மத்திய அரசுடையது, உங்களுக்கும் அப்படியே சேரும். 14417 தமிழ்நாட்டுக்கு மட்டும், நீங்கள் புதுச்சேரி பள்ளிக் கல்வித் துறைக்குத்தான் எழுத வேண்டும்.

வண்டிப்பாளையம், ஒரு அப்பா: நான் கூலி வேலை. மாதத்தில் ஒரு நாள்தான் பள்ளிக்கு வர முடியும். வந்தால் என்ன பார்க்கணும்?

அந்த ஒரு நாள் போதும் அண்ணா. மார்க் கேட்க வருகிற நேரத்தில் வராமல் இடைவேளை நேரத்தில் வாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, கழிப்பறைப் பக்கம் பெரியவர் யாராவது நிற்கிறாரா, யாரோடும் சேராமல் எந்தப் பிள்ளை தனியாக நிற்கிறது, இந்த மூன்றையும் பாருங்கள். மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், யார் யார் என்று கேட்டு ஒருவர் போன் நம்பரையாவது வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடுகிற "மாணவர் மனசு" பெட்டி எங்கே இருக்கிறது, யார் திறக்கிறார்கள், கடைசியாக எப்போது திறந்தார்கள் என்றும் கேளுங்கள். உள்ளே வரும்போது வாசலில் வருகிறவர் பெயர் எழுதுகிற நோட்டு இருந்தால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்களை யாரும் நிறுத்தாமல், யார் என்று கேட்காமல் வகுப்பு வரைக்கும் விட்டுவிட்டார்களென்றால், தலைமையாசிரியரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.